மேல் டிவிஷன் கிரவுண்டுக்கு இன்னும் ஓர் ஆள்

என் வீட்டுக்காரர் சீக்கிரம் சாக வேண்டும் என்று சித்திரபுரம் பிரதர்ஸ் கால்பந்து கிளப் ஏகமனதாகத் தீர்மானம் போட்டது ஒரு செவ்வாய்க்கிழமை. 'சாக' என்ற வார்த்தையை அவர்கள் எழுதவில்லை. அந்த அளவுக்கு மரியாதை தெரியாதவர்கள் இல்லை. 'வரவேண்டியுள்ள ஒரே ஆட்டக்காரர் தமது வருகையை விரைவுபடுத்துமாறு அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்' என்று எழுதி, சீல் குத்தி, செயலாளர் ஏசுதாஸ் தானே நடந்து வந்து கொடுத்தார். என் வீட்டுக்காரர் நல்லதம்பி அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தேயிலை எஸ்டேட்டில் முப்பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவர். சீல் குத்திய காகிதம் எதைக் கண்டாலும் அப்படித்தான்.

இதைப் புரிந்துகொள்ள மேல் டிவிஷன் கிரவுண்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சித்திரபுரத்திலிருந்து ஜீப் பாதையில் ஏறினால், பழைய தேயிலை ஃபாக்டரிக்கு மேலே மலையின் இடுப்பில் ஒரு தட்டு. கிளப்புக்குச் சொந்த மைதானம் என்று இருந்தது அதுதான். ஒரு பக்கம் கருங்கல் படிகள், அதுதான் கேலரி. மறுபக்கம் நேரே பள்ளம், பன்னிரண்டாம் நம்பர் தேயிலைக் காடு. சில்வர் ஓக் மரத்தில் கோல் போஸ்ட். இரண்டாயிரத்து ஒன்பதில் கிளப் கீழே ரோட்டோரத்து டர்ஃபுக்குக் குடிபோய்விட்டது. அங்கே பிளாஸ்டிக் புல், மேலே வலை, நாலு மூலையிலும் விளக்கு. மேகம் இறங்கினாலும் அங்கே ஆட்டம் நிற்காது.

மேலே அப்படி இல்லை. மேலே மேகம் இறங்கினால் எதிர்க் கோல் போஸ்ட் தெரியாது, அப்புறம் பந்து தெரியாது, அப்புறம் தன் காலே தெரியாது. அதனால் எஸ்டேட்டுக்காரர்கள் தங்களுக்கென்று ஒரு விதி வைத்திருந்தார்கள். மேகம் இறங்கினால் ஆட்டத்தை நிறுத்து. பந்து கிடந்த இடத்தில் ஒரு கல்லை வை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் கல்லிலிருந்து தொடங்கு, அதே இருபத்திரண்டு பேரோடு. ஒருத்தனுக்குக் காய்ச்சல் என்றால் மற்ற இருபத்தொரு பேரும் அவன் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஆள் மாற்றக் கூடாது. அப்படி ஒரு மேட்ச் ஆனியில் தொடங்கித் தையில் முடிந்திருக்கிறது. இடையில் இரண்டு பேருக்குக் கல்யாணமே ஆகிவிட்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதில் கோப்பை இறுதி ஆட்டம். நம் பிரதர்ஸும் மறையூர் கரும்பு லெவனும். நான் பிறந்தது மறையூர், வாழ்க்கைப்பட்டது சித்திரபுரம். எந்தப் பக்கம் கை தட்டுவது என்று தெரியாமல் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தேன். யாரும் கோல் போடவில்லை. கடைசி நிமிடத்தில் மறையூருக்கு ஒரு பெனால்ட்டி. அடிக்க வந்தது என் கூடப்பிறந்த அண்ணன் வேல்முருகன். கோலில் நின்றது என் வீட்டுக்காரர். அண்ணன் பந்தை வைத்துவிட்டு நாலடி பின்னால் போனான். மேகம் இறங்கிவிட்டது. ரெஃப்ரி கல்லை வைத்தார்.

அடுத்த ஞாயிறு மழை. அதற்கடுத்த வாரம் பாலம் போயிற்று. பிறகு ஸ்டிரைக். பிறகு ஒருத்தன் வால்பாறைக்குப் போனான், ஒருத்தன் போடிக்குப் போனான், இருபத்திரண்டு பேரும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஒரே மலையில் இருக்கவே இல்லை. கல் மட்டும் அங்கேயே இருந்தது.

கிரவுண்டுக்கு முதலில் திரும்பி வந்தது, அன்று ஆடிய மறையூர் பையன் ஒருவன். யானை மிதித்துச் செத்தான் எண்பத்து நாலில். அந்த ஞாயிறு பன்னிரண்டாம் நம்பரில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த பெண்கள், மேகத்துக்குள் யாரோ ஒருவன் கிரவுண்டில் நிற்பதைப் பார்த்தார்கள். பிறகு இரண்டு பேர் ஆனார்கள். ஐந்து ஆனார்கள். சர்க்கரை வியாதியில் போனவர், பஸ் கவிழ்ந்து போனவர், கொரோனாவில் போனவர், எல்லோரும் படியேறி வந்து அவரவர் இடத்தில் நின்றார்கள். உட்காருவதே இல்லை. பூட்ஸ் மாற்றி மாற்றி ஊன்றும் சத்தமும், தைலம் தேய்த்த வாசனையும், அவ்வளவுதான். ஆடு மேய்க்கிறவர்கள் அந்தப் பக்கம் போனால் ஆடுகள் கிரவுண்டைச் சுற்றிக்கொண்டு போகும், நடுவில் போகாது. ஊரில் யாரும் பெரிதாகப் பயப்படவில்லை. தெரிந்த ஆட்கள்தானே.

என் அண்ணன் பதினொரு வருஷத்துக்கு முன்னால் போனான். போன வருஷம் எங்கள் ஹாஃப்-பேக் சின்னையன் போனார். அவரோடு இருபத்தொரு பேர் வந்தாயிற்று.

இதெல்லாம் தன் பாட்டுக்கு இருந்திருக்கும். கிளப்புக்குப் புதிதாக மோகனசுந்தரம் தலைவரானதுதான் வினை. பாலக்காட்டுப் பக்கம் மீனாட்சிபுரத்துக்காரர், பால் பண்ணை வைத்திருப்பவர். இங்கே ஒரு ரிசார்ட்டும் வாங்கிப் போட்டிருந்தார். பந்தை உதைத்ததில்லை, ஆனால் சரித்திரம் என்றால் உயிர். வந்த மாதத்திலேயே 'முன்னாள் சொந்த மைதான சரித்திர நிர்மாண சமிதி' என்று ஒன்றை அமைத்தார். அதற்குக் கீழே ஆறு உபசமிதிகள். பெரிய புத்தகம் ஒன்று அச்சாகிக்கொண்டிருந்தது. 'முன்னாள் மைதானம்' என்று பொறித்த கல்பலகையைத் திறக்க ஒரு பெரிய மனிதருக்குத் தேதியும் சொல்லியாகிவிட்டது.

அப்போதுதான் ஏசுதாஸ் பழைய மினிட்ஸ் புத்தகத்தைப் புரட்டி, ஒரு கஷ்டத்தைக் கண்டுபிடித்தார். எழுபத்தொன்பது மேட்ச் முடியவில்லை. 'இருபத்திரண்டு பேரும் வரும்வரை ஒத்திவைக்கப்படுகிறது' என்று அன்றைய தலைவர் கையெழுத்தோடு இருக்கிறது. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும் மைதானத்தை முன்னாள் மைதானம் என்று எப்படிச் சொல்வது?

இவர்களுக்குப் பேய் இருக்கிறதா என்ற சந்தேகமே வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கணக்கில் ஒரு ஆள் குறைகிறதே என்பதுதான் கவலை. அன்றிலிருந்து ஏசுதாஸ் ஞாயிறுதோறும் நாலு மணிக்கு ஹாஜர் புத்தகத்தோடு மேலே ஏறினார். படியில் நின்று பேர் கூப்பிடுவார். மேகத்துக்குள்ளிருந்து ஒரு இருமல் வரும். டிக் போடுவார். இருபத்தொரு டிக். இருபத்திரண்டாவது பேர் நல்லதம்பி. அதற்கு இருமல் வராது. ஏனென்றால் அவர் கீழே வீட்டில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

*

தீர்மானம் வந்த மறுநாள் தலைவரே வீட்டுக்கு வந்தார். கூடவே ஏசுதாஸ், கையில் பிரஷர் பார்க்கும் மெஷின்.

"ஏனுங்கண்ணா, ஒடம்பு எப்புடி இருக்குதுங்க?" என்றார் மோகனசுந்தரம்.

"நல்லாருக்கேன் சார்," என்றார் என் வீட்டுக்காரர்.

தலைவர் முகம் கொஞ்சம் வாடியது. ஏசுதாஸ் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார். "நூத்தி இருபத்தஞ்சு, எண்பது" என்றார், யாரோ பரீட்சையில் தோற்ற செய்தியைச் சொல்வதுபோல.

"எழுவத்தி நாலு வயசுக்கு இதானுங்களா? செரி. ஒண்ணும் அவசரமில்லீங்க. நாங்க யாரையும் கட்டாயப்படுத்தற ஆளுக இல்லீங்க. கிளப்புன்னா ஒரு குடும்பமுங்க. உங்களுக்கு எப்ப சவுகரியமோ அப்ப. ஆனாப் பாருங்க, பதினாலாந்தேதி பெரியவரு வர்றாருங்க. அதுக்கு முன்னாடின்னா எல்லாருக்கும் நல்லதுங்க."

"பதினாலா சார்?" என்று கேட்டு, என் வீட்டுக்காரர் சுவரில் காலண்டரைப் பார்த்தார். நான் அடுப்பங்கரையில் கரண்டியைக் கீழே போட்டேன். வேண்டுமென்றேதான்.

"ஏன் சார்," என்றேன் வெளியே வந்து, "எங்க வீட்டு ஆளு எப்ப சாகணும்னு ஒங்க ஆபீஸ்லயா முடிவு பண்ணுவீக?"

"அய்யோ அம்மா, நீங்க தப்பா எடுத்துக்கிட்டீங்க. நாங்க சாகச் சொல்லுலீங்க. வரத்தானுங்க சொல்றோம்."

ஏசுதாஸ் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அனுசோசன யோகத்தில் வாசிப்பதற்கான உரை. இரங்கல் கூட்டத்தைத்தான் அங்கே அப்படிச் சொல்வார்கள். "சேட்டா, இதொன்னு வாசிச்சு நோக்கணும். தப்பு உண்டெங்கில் இப்பவே திருத்தித் தரணும். பின்னே உங்களுக்கு டைம் கிடைக்காதுல்லோ."

என் வீட்டுக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தன் சாவுக்கான இரங்கலை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார். பேனா கேட்டார். "தலைவர் சார், பதினோரு பெனால்ட்டி புடிச்சேன்னு போட்ருக்கு. ஒம்போதுதான். ரெண்டு போஸ்ட்ல பட்டுப் போச்சு. அது நம்ம கணக்குல வராது." திருத்திக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

"பாத்தீங்களா ஏசுதாஸ்," என்று தலைவர் கண் கலங்கினார். "இந்த மாதிரி மனுசனுக நம்ம கிளப்புல இருந்தாங்கன்னு எழுதுங்க. 'இருந்தாங்க'ன்னே எழுதுங்க."

அதற்கப்புறம் திங்கள்தோறும் பிரஷர் பார்க்க ஆள் வந்தது. பழ உபசமிதி ஒன்று இருந்தது. அது பழம் கொண்டுவருவதை நிறுத்திவிட்டு வடையும் பஜ்ஜியும் கொண்டுவந்தது. பிரார்த்தனை உபசமிதி எங்கள் வாசலில் நின்று கண்ணை மூடிக்கொண்டு எதையோ வேண்டியது. எதை என்று நான் கேட்கவில்லை. நடந்து போகிற வழியில் டர்ஃபில் ஆடும் பையன்கள் எழுந்து நின்று கும்பிட்டார்கள். ஒருமுறை என் வீட்டுக்காரர் தும்மினார். அன்று சாயங்காலமே தலைவர் போன் செய்து, "ஏதாச்சும் நல்ல சேதி உண்டுங்களா?" என்றார்.

நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். ஒருநாள் காலை அவர் கஞ்சியைத் தள்ளி வைத்தபோதுதான் சிரிப்பு நின்றது.

"வேண்டாம் புள்ள."

"ஏங்க, காய்ச்சலா?"

"இல்ல." கிண்ணத்தை இன்னும் தள்ளினார். "இருபத்தோரு பேரு நிக்காக. கால் மாத்தி கால் மாத்தி நிக்காக. நான் இங்கன ஒக்காந்து கஞ்சி குடிக்கேன்."

"அவுக செத்தவுக. நீங்க உசுரோட இருக்கீக."

"முப்பத்தொம்போது வருசத்துல ஒருநாளாவது மஸ்டருக்கு லேட்டாப் போயிருக்கேனா? பேர் கூப்பிடுறப்போ நின்னுருக்கேன். இப்போ வாரா வாரம் ஏசுதாஸ் என் பேரக் கூப்பிடுதாரு, நான் இல்ல. எனக்கு வெக்கமா இருக்கு பேச்சி."

மறுநாளும் சாப்பிடவில்லை. பழைய நீல ஜெர்சியை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து மடித்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, சுவர் பக்கம் திரும்பிப் படுத்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மெஷினில் ஒரு குறையும் இல்லாத மனிதர், ஆபீஸ் கேட்கிறதே என்று செத்துவிடுவார். அவர் செய்யக்கூடியவர்தான்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மூன்றரை மணிக்கு நான் மேல் டிவிஷன் கிரவுண்டுக்கு ஏறினேன்.

*

ஏசுதாஸ் படியில் நின்று பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "சின்னையன்!" இருமல். "வேல்முருகன்!" இருமல். அந்த இருமல் எனக்குத் தெரியும். கரும்பாலைப் புகையில் ஆயுசு பூராவும் நின்றவன் இருமல். "நல்லதம்பி!" ஒன்றும் இல்லை. ஏசுதாஸ் உதட்டைப் பிதுக்கினார். புத்தகத்தை மூடிக்கொண்டு இறங்கிப் போனார்.

மேகம் தரையோடு தரையாகக் கிடந்தது. நான் புல்லில் காலை வைத்தேன். செருப்பு நனைந்தது. யாரோ பக்கத்தில் நிற்கிற மாதிரி இருந்தது. திரும்பினால் மேகம். இன்னும் நாலடி வைத்தேன். ஒருத்தர் குனிந்து பூட்ஸ் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார், என்னைப் பார்க்கவில்லை. முகம் பார்க்கலாம் என்று நான் குனிந்தேன். அங்கே முகம் இருக்க வேண்டிய இடம் ஈரமாக இருந்தது, அவ்வளவுதான். ஓடிவிடலாமா என்று இருந்தது. ஓடவில்லை.

"அண்ணே," என்றேன்.

"ஏட்டி பேச்சி. இவ்வளவு மேட்ல ஏன் ஏறி வந்த? மூட்டு வலின்னு சொல்லுவியே."

கல்லுக்கு நாலடி பின்னால் நின்றுகொண்டிருந்தான். இடுப்பில் இரண்டு கை. முப்பது வயசு முகம். எனக்கு அறுபத்தொன்பது. என்னைவிட நாற்பது வயசு சின்னவனாகிப்போன அண்ணனைப் பார்த்து எப்படி அழுவது என்று தெரியாமல் நான் கத்தினேன்.

"ஒங்க ஆட்டத்துல இடி விழ! எங்க வீட்ல மூணு நாளாச் சோறு தின்னல. செத்துட்டு வாரேன்னு படுத்துட்டாக. ஒரு பெனால்ட்டிக்கு எந்தாலிய அறுக்கவா நிக்க?"

"நாங்க எப்பட்டி கூப்ட்டோம்?" அவன் நிஜமாகவே திடுக்கிட்டுப் போனான். "யாரு செத்து வரச் சொன்னது?"

"கிளப்புல தீர்மானம் போட்டு சீல் குத்திக் குடுத்துட்டானுக."

"கிளப்புக்காரன் பந்தைக் கண்டானா? ஏட்டி, அங்க பாரு." தூரத்துக் கோலைக் காட்டினான். மறையூர் கோல்கீப்பர் போஸ்ட்டுக்கு நடுவில் நின்றிருந்தார். காற்று அடித்தது. அவர் புகைபோல ஒரு பக்கமாகச் சாய்ந்து, மெல்லத் திரும்பி வந்தார். "செத்தவன் கைல பந்து நிக்காது. மாப்ள செத்து வந்தான்னா நான் எதுக்கு அடிக்க? காத்துல அடிச்ச மாதிரிதான். கோலுன்னா கீப்பரு மூச்சிரைக்கணும், எட்டிப் பாயணும், அவனைத் தாண்டிப் போகணும். உசுரோட வரச் சொல்லு அந்தக் கருங்காலிய."

"உசுரோட வந்தா விடுவீகளா?"

"வந்தா முடிச்சிட்டுப் போயிருவோம்." குரலைத் தாழ்த்தினான். "கால் குளிருது பேச்சி. உக்காரணும்போல இருக்கு. விசில் அடிக்காம உக்கார முடியல."

நான் இறங்கி ஓடினேன் என்று சொல்ல முடியாது. இறங்கினேன்.

வீட்டுக்காரர் அதே சுவரைப் பார்த்துக் கிடந்தார். சொன்னதையெல்லாம் கேட்டார். மெல்லத் திரும்பினார்.

"கருங்காலின்னா சொன்னான்?"

"ஆமா."

எழுந்து உட்கார்ந்தார். "எனக்கே பந்தக் காட்டுவானாமா? கஞ்சி இருக்கா?"

*

கிளப்பின் அவசரக் கூட்டம் கூடியது. உயிரோடு இருப்பவரும் இல்லாதவரும் ஒரே களத்தில் ஆடலாமா என்பதுதான் பொருள்.

"விதி புஸ்தகத்துல எடம் இல்லீங்க," என்றார் மோகனசுந்தரம். "இன்னிக்கு ஒருத்தரை உசுரோட விட்டா, நாளைக்கு எல்லாரும் உசுரோட வருவாங்க. அப்புறம் ஒழுங்குன்னு ஒண்ணு இருக்குதுங்களா?"

ஆடுகிற ஒவ்வொருவரும் அதிகாரபூர்வமான சாக்ஷ்யபத்திரம், அதாவது சான்றிதழ், ஒன்றாவது காட்ட வேண்டும் என்றது தகுதி உபசமிதி. சரிபார்த்தார்கள். இருபத்தொரு பேருக்கும் பஞ்சாயத்து கொடுத்த மரணச் சான்றிதழ் சீலோடு பக்காவாக இருந்தது. என் வீட்டுக்காரரிடம் ஒன்றும் இல்லை. தகுதியில்லாதவர் அவர் ஒருவர்தான்.

நாலு மணி நேரம் பேசினார்கள். டீ வந்தது, வடை வந்தது. கடைசியில் ஏசுதாஸ்தான் வழி கண்டுபிடித்தார். வரும் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி முதல் ஐந்து மணிவரை நல்லதம்பி தற்காலிகமாக மறைந்தவராகக் கருதப்படுவார். அதற்கு ஒரு பத்திரம். மனைவி சம்மதக் கையெழுத்து வேண்டும். "அஞ்சு மணிக்கு அப்புறம் இவரு என்னோட ஆளுன்னு அதுலயே எழுதுங்க," என்றேன். எழுதினார்கள். போட்டேன்.

ரெஃப்ரியாக அடிமாலியிலிருந்து சிஜு என்று ஒரு தம்பியை வரவழைத்தார்கள். ஏதோ நினைவுப் பந்தயம் என்று நினைத்து ஷார்ட்ஸ் போட்டுக்கொண்டு வந்துவிட்டது. ஹாஜர் எடுக்கும்போது மேகத்துக்குள்ளிருந்து இருபத்தொரு இருமல் வந்ததும் அந்தத் தம்பி என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டது. "அம்மச்சி, ஞான் போட்டே?" என்று கேட்டது. போகட்டுமா என்று. "ஒரு விசில் அடிச்சிட்டுப் போ ராசா," என்றேன்.

இருபத்திரண்டாவது பேரைக் கூப்பிட்டார் ஏசுதாஸ். "உள்ளேன்!" என்று நீல ஜெர்சியில் என் வீட்டுக்காரர் கத்தியது பன்னிரண்டாம் நம்பர் காடு முழுக்கக் கேட்டிருக்கும். ஏசுதாஸ் டிக் போட்டார்.

படியெல்லாம் கூட்டம். மூணாறு வந்த டூரிஸ்ட்டுகள்கூட ஜீப் பிடித்து ஏறி, போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் தலைவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. என் வீட்டுக்காரரை ஓரமாகக் கூட்டிப்போனார். நானும் கூடப் போனேன்.

"அண்ணா, ஒரே ஒரு சமாச்சாரமுங்க. புஸ்தகத்துல 'சொந்த மைதானத்தில் தோல்வியே காணாத அணி'ன்னு அச்சாயிப் போச்சுங்க. இதைப் புடிச்சிருங்க."

"புடிச்சா டிரா ஆயிரும் சார். கப் மேட்ச். டிரா ஆனா அடுத்த ஞாயிறு மறுபடி ஆடணும். அதே இருபத்திரண்டு பேரு."

"அதத்தானுங்கண்ணா நானும் சொல்றேன்! அடுத்த ஞாயிறும் புடிங்க. அதுக்கடுத்த ஞாயிறும் புடிங்க. வாராவாரம் வெக்கலாமுங்க. கூட்டத்தைப் பாத்தீங்களா?"

"முன்னாள் மைதானம்னு பலகை வச்சிருக்கீங்களே சார்."

"பலகைதானுங்க? பெயிண்ட் அடிச்சாப் போச்சு." என்னைப் பார்த்துச் சிரித்தார். "அம்மா, இனிமே அண்ணனுக்கு வடை கிடை குடுத்துறாதீங்க. ஒடம்ப நல்லாப் பாத்துக்கோணும்."

என் வீட்டுக்காரர் கோலுக்கு நடந்து போனார்.

சிஜு கல்லை எடுத்தது. கல் இருந்த இடத்தில் பந்து இருந்தது. பழைய தோல் பந்து, கையால் தைத்தது, நனைந்து கறுத்திருந்தது.

"என்ன மாப்ள," என்றான் அண்ணன், "முட்டி எப்படி இருக்கு?"

"ஒன் முட்டிய விடப் பரவால்ல மச்சான். எனக்கு இருக்குல்லா."

மேகத்துக்குள் யார் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பள்ளத்தில் இறங்கிப் போய்த் திரும்பி வந்தது.

"மூச்சு வாங்குதே."

"வாங்குறதுக்கு வச்சிருக்கேன். அடிடே."

இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தர் கிழவர், ஒருத்தன் வாலிபன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிடித்தால் என் அண்ணன் அடுத்த ஞாயிறும் இங்கே நிற்பான். நான் ஏறி வந்தால் பார்க்கலாம், பேசலாம். ஆனால் கால் குளிர நிற்பான். விட்டால் உட்காருவான். அப்புறம் இல்லை. நாற்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் போலவே இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டேன்.

சிஜு விசில் அடித்தது.

அண்ணன் நாலடி ஓடிவந்து அடித்தான். வலது பக்கம். என் வீட்டுக்காரர் அதே பக்கம்தான் பாய்ந்தார். எழுபத்து நாலு வயசில் அப்படி ஒரு பாய்ச்சலை நான் எதிர்பார்க்கவில்லை. பந்து இரண்டு உள்ளங்கையிலும் பட்டது. பட்ட சத்தம் கேட்டது. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, பந்து அந்தக் கைகளுக்குள் நின்றது. பிறகு விரல்கள் விரிந்தன. வழுக்கியதா, விரித்தாரா என்று அவரிடம் நான் கேட்டதில்லை. பந்து கோட்டைத் தாண்டி, போஸ்ட்டுக்குப் பின்னால் மேகத்துக்குள் போய்விட்டது.

நீளமாக ஒரு விசில்.

யாரும் கத்தவில்லை. இருபத்தொரு பேரும் இருந்த இடத்திலேயே புல்லில் உட்கார்ந்தார்கள். நீலச் சட்டைக்காரர், சிவப்புச் சட்டைக்காரர் எல்லோரும். 'ஹப்பாடா' என்று ஒரு பெருமூச்சு தரையோடு வந்து என் காலில் பட்டது. பூட்ஸ் கயிறுகளை அவிழ்த்தார்கள். மேகம் மேலே எழும்ப எழும்ப, ஆள் ஆளாகக் குறைந்தார்கள்.

அண்ணன் கடைசியில் எழுந்தான். வெறுங்கால். என் வீட்டுக்காரர் தோளில் கை வைத்தான். அப்புறம் என் பக்கம் திரும்பினான். எங்கள் வீட்டில் யார் எங்கே கிளம்பினாலும் 'போய்ட்டு வாரேன்' என்றுதான் சொல்வோம். வேறு மாதிரி சொன்னால் அம்மா வாயில் அடிப்பாள்.

"போறேன் பேச்சி," என்றான்.

மேகம் விலகியபோது கிரவுண்டில் என் வீட்டுக்காரர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். நாலு மணி ஐம்பத்திரண்டு. ஐந்து ஆகும்வரை ஏசுதாஸ் அவரை வெளியே விடவில்லை.

*

செவ்வாய்க்கிழமை சமிதி கூடி, கோல் போட்டவர் சம்பவத் தேதியில் உயிரோடு இல்லாததால் அந்தக் கோல் செல்லாது என்று தீர்மானித்தது. ஆட்டம் டிரா. தோல்வியே காணாத அணி என்ற வரியை மாற்ற வேண்டியதில்லை. மறு ஆட்டம் அடுத்த ஞாயிறு நாலு மணிக்கு. ஃபிளெக்ஸ் வைத்தார்கள். பழ உபசமிதி மறுபடி பழம் கொண்டுவந்தது.

ஞாயிறு படி கொள்ளாத கூட்டம். மேகம் நேரத்துக்கு இறங்கியது. ஏசுதாஸ் பேர் கூப்பிட்டார். சின்னையன். சத்தம் இல்லை. வேல்முருகன். நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் வந்தது. இருபத்தொரு பேரையும் மூன்று முறை கூப்பிட்டார். ஆடுகள் நாலைந்து மேகத்துக்குள்ளிருந்து வந்து, கிரவுண்டின் நட்டநடுவில் நின்று புல் மேய்ந்தன. எனக்கு முன்பு வராத அளவு பயம் அப்போது வந்தது. அந்த இடம் அவ்வளவு காலியாக இருந்தது.

"கூட்டத்தைக் கூட்டி வெச்சுட்டு இப்புடிப் பண்றாங்களே," என்று தலைவர் மைக்கில் வருத்தப்பட்டார். "கிளப்பு இவங்களுக்கு என்ன கொறை வெச்சுது? நன்றி இல்லீங்க. செத்தாலும் ஒரு பொறுப்பு வேணுமில்லீங்களா?"

முன்னறிவிப்பின்றி வராத இருபத்தொரு பேருக்கும் விளக்கம் கேட்டு மெமோ போட்டார்கள். என் அண்ணனுடையதை நெருங்கிய உறவினர் என்று என்னிடம் கொண்டுவந்தார் ஏசுதாஸ். ஏழு நாளுக்குள் பதில் வேண்டுமாம். பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட நான் மாட்டேன் என்றேன். அவர் கெஞ்சினார். "என்டெ ஜோலி போகும் அம்மா."

என் வீட்டுக்காரர் வந்து, "இங்கன குடுங்க," என்று பேனாவை வாங்கினார். மெமோவின் கீழே, 'ஆட்டம் முடிந்துவிட்டது. மறையூர் 1, சித்திரபுரம் 0. நல்லதம்பி, கோல்கீப்பர்' என்று நிறுத்தி எழுதினார்.

"சேட்டா, அந்தக் கோலுக்குத் தெளிவு, ஆதாரம் ஒண்ணும் இல்லையே," என்று சொல்லிக்கொண்டே பேனாவைத் திரும்ப வாங்கப்போன ஏசுதாஸ், அவர் உள்ளங்கை பட்டதும் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

"எந்தா சேட்டா இது? ஐஸ் கணக்கா இருக்கு!"

"அதுவா?" என் வீட்டுக்காரர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். "அன்னைக்குப் பந்து பட்ட எடம். அதான் கோலு."